கார்பன் ஃபைபர் அறுக்கப் போகிறீர்களா? முதலில் ஃபேனை அணையுங்கள்

கார்பன் ஃபைபர் என்றாலே ராக்கெட், விமானம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. நம் திருநெல்வேலியில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயலில் மருந்து தெளிக்கிற ட்ரோனின் கைகள் பெரும்பாலும் கார்பன் குழாய்தான். இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் ட்ரோன் ஃபிரேமுக்கு 2 மி.மீ., 3 மி.மீ. தகடு வாங்கி வைத்துக்கொண்டு, யாரிடம் அறுக்கக் கொடுப்பது என்று பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைச் சுற்றி வருகிறார்கள். சைக்கிள் சீட் போஸ்ட், பைக் மட்கார்டு, தூண்டில் கம்பு என்று சில்லறை வேலையும் உண்டு. ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலை இறக்கை ரிப்பேர் பார்க்கிறவர்கள் கை வைப்பது பெரும்பாலும் கண்ணாடி இழை என்றாலும், இப்போது வருகிற நீள இறக்கைகள் சிலவற்றில் நடுத்தண்டுக்குக் கார்பன் போடுகிறார்கள். ஆக, இந்தக் கருப்புத் தூளை மூக்கில் ஏற்றிக்கொள்ள வாய்ப்புள்ள ஆட்கள் நம் பக்கத்திலேயே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

பட்டறையில் இரண்டு விதமான பேச்சு கேட்கலாம். "அட, வெறும் கரித்தூள்தானே வே, ஒண்ணும் செய்யாது" என்பது ஒன்று. "கல்நார் மாதிரி, நுரையீரலை அரித்துவிடும்" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. ஒரு கார்பன் இழையின் தடிமன் ஏறத்தாழ 5 முதல் 7 மைக்ரான். தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு. 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் உள்ள இழைகளைத்தான் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் கணக்கில் எடுக்கிறது. அப்படிப் பார்த்தால் முழுசாக இருக்கிற இழை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிற அளவுதான். ஆனால் நாம் அதை முழுசாகவா விடுகிறோம்? கிரைண்டர் வைத்துத் தேய்க்கிறோம், உப்புத்தாளால் உரசுகிறோம், சிலர் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் செய்கிறார்கள். அப்போது வருகிற தூளில் நுண்ணிய பங்கு நிறைய இருக்கும், அதில் இழைத்தூளும், இழைகளைத் தகடாகக் கட்டி நிறுத்துகிற பிசினின் தூளும் கலந்திருக்கும். அதனால்தான் சும்மா கத்தரியால் கார்பன் துணி வெட்டுவதற்கும், கிரைண்டர் வைத்துத் தகடு அறுப்பதற்கும் பாதுகாப்பில் இவ்வளவு வித்தியாசம். பிட்ச் வகை என்று தாரிலிருந்து செய்யும் இழை ஒன்று உண்டு, அது நீளவாக்கில் பிளந்து இன்னும் மெலிதாகும் தன்மையுள்ளது. கடையில் கிடைக்கிற சாதாரணத் தகடும் குழாயும் பொதுவாக அந்த வகை இல்லை, பான் என்ற செயற்கை இழையிலிருந்து வந்தவை, அவை குறுக்கே முறிகிறவை.

நுரையீரலை விட்டால் அடுத்தது தோல். வைக்கோல் போர் அடுக்கியவர்களுக்குச் சுணை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, அதே அரிப்புதான், ஆனால் குளித்தவுடன் போகாது. கையுறை முடிகிற மணிக்கட்டு, சட்டைக் காலர் உரசுகிற கழுத்து, முழங்கை மடிப்பு, இந்த மூன்று இடத்தில்தான் முதலில் தெரியும். வியர்வையில் ஒட்டிக்கொண்டு, சட்டை உரச உரச உள்ளே குத்தும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறவருக்கு இது எவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதே இல்லை. இந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். மரத்தூள் சுவிட்ச் போர்டுக்குள் போனால் குப்பை, அவ்வளவுதான். கார்பன் தூள் போனால் ஷார்ட். 1999-இல் செர்பியாவில் அமெரிக்க விமானங்கள் கார்பன் இழைகளை மின் நிலையங்கள் மேல் கொட்டி நாட்டின் பெரும்பகுதியை இருட்டாக்கின, 1991-இல் ஈராக்கிலும் இதே வேலை நடந்தது. நம் பட்டறையில் அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர், பேட்டரி சார்ஜர், ஸ்டெபிலைசர் என்று உள்ளே ஃபேன் வைத்துக் காற்றை இழுக்கிற பெட்டி எல்லாம் அந்தத் தூளையும் சேர்த்து இழுக்கும். இரண்டு மாதம் கழித்து இன்வெர்ட்டர் போர்டு போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும்போது யாருக்கும் காரணம் புரியாது. அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இவை எதுவும் இருக்கக் கூடாது. அதே அறையில்தான் வேலை என்றால் அணைத்து, பாலிதீன் போட்டு மூடிவிடுங்கள். கையில் பிடிக்கிற கிரைண்டருக்கும் அதே கதைதான், அதன் காற்று ஓட்டைகள் வழியாகத் தூள் மோட்டாருக்குள் போகும்.

சரி, என்ன செய்வது? நான் பார்த்தவரை நம் ஆட்கள் செய்கிற தப்பு, எல்லாப் பாதுகாப்பையும் மாஸ்க்கின் தலையில் கட்டிவிடுவது. மாஸ்க் கடைசி வரிசை. தூள் எழும்பாமலே பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை, எழும்பினால் அங்கேயே பிடிப்பது இரண்டாவது, அதையும் தாண்டி வருகிறதுக்குத்தான் மாஸ்க். இந்த வரிசையை மாற்றினால் உங்கள் மூக்கு ஒருவேளை தப்பிக்கும், பக்கத்தில் டீ கொண்டு வருகிற பையனின் மூக்கு தப்பிக்காது.

எங்கே வைத்து அறுப்பது

"வெளியில் வைத்து அறுத்தால் காற்று கொண்டு போய்விடும்" என்று ஒரு நம்பிக்கை. கொண்டு போகும்தான், எங்கே கொண்டு போகும்? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வருகிற காற்றில் நின்று தகடு அறுத்தால், தூள் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணியில், மூடாத கிணற்றில், குழந்தைகள் விளையாடுகிற மணலில் போய் உட்காரும். அது போக, காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. சுழற்றி அடித்து உங்கள் முகத்துக்கே திரும்பக் கொண்டு வரும்.

கதவைச் சாத்திய தனி அறை, ஃபேன் அணைத்து, ஏசி இருந்தால் அதையும் அணைத்து, தரையில் ஈரமான சாக்கு அல்லது பழைய போர்வை விரித்து. இவ்வளவுதான் ஏற்பாடு. ஃபேன் இல்லாமல் வெயில் காலத்தில் எப்படி வேலை பார்ப்பது என்று கேட்பீர்கள். விடிகாலையில் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் அறுக்கிற வேலையை முடித்துவிட்டு, சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் ஃபேனைப் போட்டு ஒட்டுகிற வேலை, அளக்கிற வேலையைப் பார்க்கலாம். மேலே சுற்றுகிற ஃபேன் இந்த வேலைக்கு முதல் எதிரி, தரையில் அடங்க வேண்டியதையெல்லாம் அறை முழுக்கச் சுற்ற வைக்கும். ஏசி இன்னும் மோசம், இழுத்து ஃபில்டரில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பத் துப்பும்.

வீட்டில் படுக்கிற அறையிலோ சமையல்கட்டுப் பக்கத்திலோ வேண்டவே வேண்டாம். மொட்டை மாடி என்றால் காற்று அடங்கிய நேரத்தில், தண்ணீர் வைத்து மட்டும்.

உடம்பில் என்ன போட வேண்டும்

மாஸ்க்கில் குறைந்தபட்சம் என்95 அல்லது எஃப்எஃப்பி2. நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க் இதற்கு ஆகாது, ஓரத்தில் எல்லாம் இடைவெளி. தோளில் கிடக்கிற துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம், அது புழுதிக்குச் சரி, இதற்கு இல்லை. அடிக்கடி செய்கிறவர் என்றால் ரப்பர் பாதி முக மாஸ்க் ஒன்று வாங்கி, பி100 ஃபில்டர் மாட்டிக்கொள்ளுங்கள், முதலில் காசு கொஞ்சம் கூடத் தெரிந்தாலும் ஃபில்டர் மட்டும்தான் மாற்ற வேண்டும், முகத்திலும் நன்றாகப் பதியும். மாட்டியதும் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்திக்கொண்டு வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள், மூக்கின் ஓரத்திலோ கன்னத்திலோ காற்று கசிந்தால் கம்பியை அழுத்திச் சரி செய்யுங்கள். தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் பதியாது. விரதத்துக்குத் தாடி வளர்த்திருக்கிறவர்கள் அந்த நாட்களில் அறுக்கிற வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதே நல்லது. வியர்வையில் நனைந்து மூச்சு இழுக்கக் கஷ்டமானால் அந்த மாஸ்க் முடிந்தது, காயப்போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள்.

கண்ணுக்கு, ஓரம் எல்லாம் மூடுகிற காகிள்ஸ். பவர் கண்ணாடி போட்டிருந்தால் அதற்கு மேலேயே மாட்டுகிற மாதிரி கிடைக்கும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.

கைக்கு நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறை வேண்டாம், இழை நெசவுக்குள் புகுந்து நின்றுகொண்டு நாள் முழுக்கக் குத்தும். அறுத்த தகட்டைத் தூக்கும்போது நைட்ரைலுக்கு மேல் வெட்டுத் தாங்குகிற கையுறை ஒன்று, ஏனென்றால் அறுத்த விளிம்பு பிளேடு மாதிரி என்றில்லை, பிளேடேதான். ஆனால் ஒன்று, டிரில் மெஷின், கிரைண்டர் மாதிரி சுற்றுகிற மெஷின் ஓடும்போது தொளதொளப்பான கையுறை கூடாது, சுற்றி இழுத்துவிடும். விரலோடு ஒட்டிய நைட்ரைல் மட்டும் போதும், மாட்டிக்கொண்டாலும் கிழிந்துவிடும்.

உடையைப் பொறுத்தவரை சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்து அறுப்பதை நிறுத்துங்கள். முழுக்கைச் சட்டை, பேன்ட், மூடிய செருப்பு. சட்டைக் கையைக் கையுறைக்கு மேல் கொண்டு வந்து மாஸ்கிங் டேப்பால் சுற்றிவிட்டால் மணிக்கட்டு அரிப்பு பாதிக்கு மேல் போய்விடும். இதற்கென்று ஒரு ஜோடி பழைய உடை வைத்துக்கொள்ளுங்கள், பட்டறையிலேயே மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அந்தச் சட்டையோடு போய்க் குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கும் அரிக்கும். துவைப்பதும் தனியாக, வாஷிங் மெஷினில் போட்டால் அடுத்து ஒருமுறை வெறும் தண்ணீர் ஓட்டிவிட்டு மற்றத் துணியைப் போடுங்கள்.

அறுக்கிற முறை

துணியாக வருகிற கார்பன் முதலில். 3கே என்று போட்டிருந்தால் ஒரு இழைக்கட்டில் 3000 இழை என்று அர்த்தம். வெட்ட வேண்டிய கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவில் கூர்மையான கத்தரியால் வெட்டினால் ஓரம் பிரியாது, பஞ்சு பறக்காது. மழுங்கிய கத்தரி இழையை வெட்டாமல் மென்று துப்பும். வெட்டிய துணியை உதறாதீர்கள். பெட்ஷீட் உதறுகிற பழக்கத்தில் ஒரு உதறு உதறிவிட்டு அப்புறம் தும்முகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம், மடித்த இடத்தில் இழை முறியும்.

கெட்டியான தகடு, குழாய் எல்லாம் தண்ணீரோடுதான். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் தூளை நன்றாக நனைக்கும். சிறிய வேலைக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்ஸா பிளேடும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் போதும், மின்சாரமே வேண்டாம். மெதுவாகத்தான் போகும், போகட்டும். குழாய் என்றால் வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கோடு போட்டு, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போனால் கடைசியில் அடிப்பக்கம் பிய்ந்துகொண்டு வரும். பிளம்பர் வைத்திருக்கிற உருளைப் பைப் கட்டரை இதில் வைக்கவே கூடாது, அது நசுக்கி வெட்டுகிற சாமான், கார்பன் நசுங்காது, உள்ளே வெடிக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டீரர் குழாயை அப்படி வெட்டினால் விரிசல் வெளியில் தெரியாது, ஓட்டும்போது தெரியும். வைஸில் இறுக்கும்போதும் மரக்கட்டை அல்லது ரப்பர் வைத்து, குழாய் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பெரிய தகட்டுக்கு டைல்ஸ் அறுக்கிற மேசை மெஷின் அருமையாக வேலை செய்யும். வீலில் வெட்டு இல்லாமல் முழு வட்டமாக வருகிற வைர வீல் போடுங்கள், பல் பல்லாக வருகிறது தகட்டின் ஓரத்தைப் பிய்க்கும். அந்த மெஷினில் தண்ணீர் தானாக வருகிறது, தூள் குழம்பாகி அடியில் தங்கிவிடுகிறது. தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடம் என்பதால் அந்தப் பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போட்டுவிட்டு வாருங்கள். கையில் பிடிக்கிற சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி அறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தண்ணீருக்கென்று செய்த மெஷின் இல்லை, வேண்டாம்.

தண்ணீர் வைக்கவே முடியாத இடம் என்றால், இரண்டாவது ஆள் ஒருவர் வேக்குவம் குழாயின் வாயை வீலுக்கு இரண்டு மூன்று விரல் அகலத்தில் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவமாக இருக்க வேண்டும், அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற ரகம். வீட்டில் சோபா துடைக்கிற சாதாரண வேக்குவம் முன்னால் இழுத்துப் பின்னால் ஊதும், மோட்டாரும் சீக்கிரம் போகும்.

காலேஜில் சிஎன்சி ரவுட்டர் இருக்கிறவர்கள் தகட்டை ஒரு தட்டில் கட்டி, தண்ணீர் தகட்டுக்கு மேல் சில மில்லிமீட்டர் நிற்கிற மாதிரி வைத்து ஓட்டலாம், கார்பைடு அல்லது வைரப் பூச்சு உள்ள பிட் போட்டு. தண்ணீர் படுகிறதால் மெஷினின் தண்டுகளுக்கு அன்றே எண்ணெய் போட வேண்டும். லேசர் கட்டர் இருக்கிறதே, அதில் வைத்து அறுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அக்ரிலிக் அறுக்கிற அந்த லேசரில் பிசின் மட்டும் எரிந்து விஷப்புகை வரும், இழை அப்படியே நிற்கும், அடுக்கு அடுக்காகப் பிரியும்.

ஓட்டை போடும்போது அடியில் ஒரு மரப்பலகையை இறுக்கிக் கட்டுங்கள், இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். கார்பைடு பிட், லேசான அழுத்தம், ஹேமர் மோடு அணைத்து. சாதாரண எச்எஸ்எஸ் பிட் சில ஓட்டைகளிலேயே மழுங்கிவிடும், மழுங்கியதைத்தான் அழுத்துவோம், அழுத்தும்போதுதான் பின்பக்கம் பிய்ந்து சிலாம்பு கிளம்பும்.

ஓரம் தேய்ப்பதுதான் இருக்கிற வேலையிலேயே மோசமான தூள் தருவது. பெயின்டர்கள் காரில் போடுகிற வாட்டர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி முக்கிக் கையால் தேயுங்கள். கருப்புக் குழம்பு வரும், துணியால் ஒற்றி எடுங்கள். பெல்ட் சாண்டரில் உலர்ந்த தகட்டைக் காட்டுகிற ஆட்களோடு நான் ஒரே அறையில் நிற்கிறதில்லை. தேய்த்து முடித்ததும் விளிம்பில் மெலிதாக சூப்பர் குளூ ஓட விட்டால் இழை பிரியாமல் நிற்கும், பின்னால் அதைக் கையாளுகிறவருக்கும் குத்தாது. குளூ காய்கிற நேரத்தில் அதன் ஆவியை முகர்ந்துகொண்டு நிற்காதீர்கள்.

பிசின் பற்றிக் கொஞ்சம்

தகட்டை நீங்களே வார்க்கிறீர்கள் என்றால் எபாக்சி வேலை இருக்கும். அதில் பிசினை இறுக வைக்கக் கலக்கிற ஹார்டனர்தான் வில்லன். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் பெரும்பாலும் போவதில்லை, அப்புறம் அரால்டைட் டியூபைத் திறந்தாலே தடிக்கும். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்கிற பழக்கம் வேண்டாம், தின்னர் பிசினைத் தோலுக்குள் கொண்டு போகும். சோப்பும் தண்ணீரும் போதும். தூளுக்குப் போடுகிற என்95 பிசின் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வேண்டும். பிசின் வேலை நேரத்தில் மட்டும் ஜன்னல் எல்லாம் திறந்து இருக்கட்டும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு விஷயம் முக்கியம். டப்பாவில் போட்டிருக்கிற நேரக் கணக்கு பெரும்பாலும் 25 டிகிரிக்குச் சொன்னது. ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. இங்கே மே மாதம் 38, 39 டிகிரியில் 30 நிமிடம் என்று போட்டது ஏறத்தாழ 12 நிமிடத்திலேயே கெட்டிப்படும், கப்பில் மொத்தமாக மிச்சம் வைத்தால் சூடேறிப் புகையும், கப்பே உருகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், மிச்சத்தைத் தட்டையான தகரத்தில் பரப்பிவிடுங்கள். முழுதாக இறுகாத பிசினைத் தேய்த்தால் தூளோடு ஹார்டனரும் சேர்ந்து வரும், அதனால் டப்பாவில் சொன்ன நாள் கணக்கு முடிகிறவரை பொறுங்கள்.

பாலியஸ்டர், வினைல் எஸ்டர் பிசினில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வரி: கோபால்ட்டையும் எம்இகேபி கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள், வெடிக்கும். பிசினில் ஒன்றைக் கலக்கி முடித்த பிறகுதான் மற்றது.

கூட்டுவதும் கொட்டுவதும்

விளக்குமாறு வேண்டாம். கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம், தரைக்கும் வேண்டாம், சட்டைக்கும் வேண்டாம். பைக் ஷெட்டில் வேலை முடிந்ததும் ஏர் கன்னை எடுத்து உடம்பு முழுக்க அடித்துக்கொள்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அது தூளைத் தோலுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் அடிக்கும். ஹெப்பா வேக்குவம் இருந்தால் அது, இல்லையென்றால் ஈரத்துணி. மேசையை ஒரே திசையில் துடைத்துக்கொண்டு வந்து துணியை மடித்து அடுத்த பக்கத்தால் துடையுங்கள். தரைக்கு, கிழித்த பேப்பரை நனைத்துப் பரப்பி, அதோடு சேர்த்து ஒதுக்கி அள்ளலாம்.

அறுத்த தண்ணீரைச் சாக்கடையிலோ பாளையங்கால்வாயிலோ ஊற்றாதீர்கள். வாளியில் ராத்திரி முழுக்க வைத்தால் குழம்பு அடியில் தங்கும். மேல் தண்ணீரை மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி அடுத்த நாள் அறுக்கவே பயன்படுத்தலாம். அடிக்குழம்பை ஈரமாக இருக்கும்போதே பையில் போட்டுக் கட்டுங்கள், காய்ந்தால் திரும்பத் தூள்.

துண்டு துக்காணி, டேப், பழைய மாஸ்க் எல்லாம் தடித்த பிளாஸ்டிக் பையில், அதை இன்னொரு பையில், மேலே மார்க்கரால் "கார்பன் தூள், கையால் தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி. குப்பை வண்டியில் வருகிற அக்கா கையுறை இல்லாமல்தான் பிரிப்பார். கூர்மையான துண்டுகளுக்குப் பழைய பெயின்ட் டப்பா நல்லது. எரிக்காதீர்கள். பிசின் எரிந்து போகும், இழை எரியாமல் மெலிந்து புகையோடு மேலே கிளம்பும், இதுவரை சொன்னதிலேயே மோசமான வடிவம் அதுதான்.

நாலு மணி டீக்கு வெளியே போகும்முன் கையையும் முகத்தையும் கழுவுங்கள். குளிர்ந்த தண்ணீரில், தேய்க்காமல், ஓடவிட்டு முதலில். அப்புறம் சோப்பு. அரிக்கிற இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் மேலோட்டமாக நிற்கிற இழை வந்துவிடும்.

விழுந்து முறிந்த ட்ரோன்

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பட்டத்திலும் மருந்து அடிக்கிற ட்ரோன் பனைமரத்தில் மோதி விழுவது நடக்கிறதுதான். ஓடிப்போய் வெறுங்கையால் தூக்குவார்கள். கார்பன் கம்பி மாதிரி வளையாது, முறியும். முறிந்த வாயில் இழைக் கட்டுகள் நாலாபக்கமும் பிரிந்து நிற்கும், கருப்புக் குழாயின் மேல் கருப்பு ஊசி, சாய்வாக வெளிச்சம் பட்டால்தான் கண்ணுக்கே தெரியும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், முறிந்த கார்பன் பேட்டரி முனைகளின் மேல் விழுந்தால் அதுவே ஒயர் ஆகிவிடும், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அப்புறம் முறிந்த முனைகள் ஒவ்வொன்றிலும் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றி மூடுங்கள். அதற்கப்புறம்தான் தூக்கி வண்டியில் வைப்பது. ட்ரோன் பெட்டியில் ஒரு ஜோடி கையுறையும் ஒரு டேப்பும் எப்போதும் கிடக்கட்டும்.

பேட்டரி எரிந்து ஃபிரேமும் கருகியிருந்தால் கிட்டே போகும்முன் மாஸ்க். பிசின் எரிந்து இழை தனியாக நிற்கும், தொட்டால் பறக்கும். முழுக்க ஆறிய பிறகு, ஃபெவிகாலைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, மெதுவாக மூடுபனி மாதிரி அடித்துக் காய விடுங்கள், இழை ஒட்டிக்கொள்ளும். பிறகு பாலிதீனில் சுற்றி எடுக்கலாம்.

சிலாம்பு ஏறினால், கண்ணில் பட்டால்

கார்பன் சிலாம்பு மர சிலாம்பை விட நொறுங்கும். அமுக்கிப் பிதுக்கினால் உள்ளேயே இரண்டாக உடையும். நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி, கூர்முனை இடுக்கி. எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் வெளியே இழுக்க வேண்டும். எடுத்ததும் கழுவி, ரத்தம் வந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆழமாக ஏறியிருந்தால், விரல் மூட்டுப் பக்கம் என்றால், அடுத்த நாள் சிவந்து வீங்கினால், ஊசி வைத்து நோண்டாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள டாக்டரிடமோ போய்விடுங்கள். போனதும் "கார்பன் ஃபைபர் ஏறியிருக்கு" என்று சொல்லுங்கள், "கம்பி குத்திடுச்சு" என்று சொல்லாதீர்கள். கார்பன் ஃபைபர் எக்ஸ்ரேயை அப்படியே ஊடுருவ விடும், எக்ஸ்ரே எடுக்கப் படுக்க வைக்கிற மேசையின் பலகையையே அதில் செய்கிறார்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஸ்கேனில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், கசக்கினால் விழியைக் கீறும். குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு, இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறமும் உறுத்தினால், அல்லது வெளிச்சம் பார்க்கக் கூசினால், அன்றே கண் ஆஸ்பத்திரி. வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள், யாரிடமாவது உங்களைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.